கடவுள் வர்ற நாவல்களை எங்க ஆரம்பிக்கிறது, எப்படிப் படிக்கிறது: புதுசா வர்றவங்களுக்கு

பக்தி, சந்தேகம், பாவம், மன்னிப்பு, செத்ததுக்கப்புறம் என்னங்கிற கேள்வி, இதையெல்லாம் மையமா வச்ச நாவல்கள் படிக்கணும்னு ஆசை இருக்கு, ஆனா எதைத் தொடறதுனு தெரியலனு நிறைய பேர் சொல்றாங்க. இப்படிச் சொல்றவங்க பெரும்பாலும் ரெண்டு பக்கத்துல இருந்து வர்றாங்க. ஒரு பக்கம் நல்ல பக்தி உள்ளவங்க, இதைப் படிச்சா நம்பிக்கை ஆட்டம் கண்டுருமோனு உள்ளுக்குள்ள ஒரு பயம். இன்னொரு பக்கம் சாமி கும்பிடாதவங்க, கதைங்கிற பேர்ல பிரசங்கம் பண்ணிருவாங்களோனு ஒரு தயக்கம். ரெண்டு பேருக்குமே நான் சொல்றது ஒண்ணுதான். நல்ல நாவல் கடவுள் இருக்காரா இல்லையானு தீர்ப்பு எழுத உட்காராது. நம்புற ஒரு ஆளோ நம்பாத ஒரு ஆளோ ஒரு இக்கட்டுல மாட்டிக்கிட்டா என்ன பண்றாங்கனு பக்கத்துல போய் நின்னு பார்க்கும், அவ்வளவுதான். அதனால படிக்கிற நாமளும் கருத்தைத் தேடறதுக்கு முன்னாடி சம்பவத்தைப் பார்க்கணும், கீழ சொல்லப்போற எல்லாமே இந்த ஒரு பழக்கத்தைக் கொண்டுவர்றதுக்குத்தான்.

சில நாவல்களோட கதை கொஞ்சம் வெளிய வரும், ஆனா முடிவை உடைக்க மாட்டேன்.

முதல் புத்தகத்தை எப்படி எடுக்கிறது

முதல் புத்தகம் சின்னதா இருக்கட்டும், ஒரே ஒரு இக்கட்டைச் சுத்தி நடக்குறதா இருக்கட்டும். யு.ஆர். அனந்தமூர்த்தியோட 'சம்ஸ்காரா' (கன்னடத்துல 1965) இதுக்கு ரொம்பப் பொருத்தம். ஒரு அக்ரஹாரத்துல நாரணப்பானு ஒருத்தர் செத்துப்போறார், ஆசாரத்தையெல்லாம் உடைச்சு கறி தின்னு குடிச்சு சந்திரிங்கிற பொண்ணோட வாழ்ந்தவர், இப்ப அவருக்கு யார் கொள்ளி வைக்கிறதுங்கிறதுதான் கேள்வி. பிணம் எடுக்குற வரைக்கும் ஊர்ல யாரும் சாப்பிடக்கூடாது. எவ்வளவு எளிமையான முடிச்சு பாருங்க, இதுக்குள்ளயே சாஸ்திரம், ஜாதி, உடம்பு, பேராசை எல்லாம் வந்துருது.

அடுத்தது, இது என்னோட அழுத்தமான கருத்து, முதல் புத்தகம் உங்க சொந்த மதத்தைப் பத்தினதா இருக்க வேண்டாம். நம்ம மதத்தைப் பத்தின நாவலை எடுத்தா நாம படிக்கிறதில்ல, சரிபார்க்கிறோம். இந்த மந்திரம் சரியா, இந்தச் சடங்கு இப்படித்தானா, நம்மள இழிவுபடுத்துறாரானு கண்ணு அங்கயே போகும். வேற மதம்னா அந்த வேலை இருக்காது, நேரா மனுஷனைப் பார்க்க முடியும். ரெண்டாவது புத்தகம் கண்டிப்பா உங்க மதமா இருக்கட்டும், முதல் புத்தகத்துல பழகின கண்ணோட வாங்க. 'சம்ஸ்காரா' உங்க மதத்துக் கதைனா அதை ரெண்டாவதா வச்சுக்கோங்க.

பிரசங்கமா நாவலானு கடையிலயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. நடுவுல புரட்டி, எதிர்த்தரப்பு ஆள் பேசுற ரெண்டு பக்கத்தைத் தேடிப் படிங்க. பக்தி நாவல்னா நாத்திகன் பேசுற இடம், மதத்தை விமர்சிக்கிற நாவல்னா பக்தன் பேசுற இடம். அந்த ஆளை முட்டாளாக் காட்டியிருந்தா புத்தகத்தை வச்சுட்டு வந்துருங்க. மரிலின் ராபின்சனோட 'கிலியட்' (2004, அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு) இதுல ஒரு நல்ல உதாரணம், கதை சொல்றவர் ஒரு வயசான பாதிரியார், அவரோட அண்ணன் ஜெர்மனிக்குப் படிக்கப் போய் நம்பிக்கை இல்லாதவனா திரும்பி வந்து, சாப்பாட்டுக்கு முன்னாடி அப்பா ஜெபம் பண்ணச் சொல்றப்ப மனசாட்சிப்படி என்னால முடியாதுனு சொல்லிடறார். அந்த அண்ணன் குடுத்த ஃபாயர்பாக்னு ஒரு நாத்திகச் சிந்தனையாளரோட புத்தகத்தை இந்தப் பாதிரியார் வாழ்நாள் முழுக்க மதிச்சுப் படிக்கிறார், மதத்துல இருக்கிற சந்தோஷத்தைப் பத்தி அந்த ஆள் அளவுக்கு நல்லா எழுதினவங்க கம்மினு நினைக்கிறார். எதிராளிக்கு இவ்வளவு மரியாதை குடுக்கிற நாவலை நம்பி உள்ள போகலாம்.

யார் சொல்றாங்க, யார்கிட்ட சொல்றாங்க

முதல் 20 பக்கத்துலயே இந்தக் கேள்வியைக் கேட்டு பதிலை பென்சில்ல எழுதி வச்சுக்கோங்க. எல்லா நாவலுக்கும் இது முக்கியம்தான், ஆனா நம்பிக்கையைப் பத்தின நாவல்ல இதுதான் பாதி விஷயம், ஏன்னா கடவுள்கிட்ட பேசுற பேச்சும் மனுஷங்ககிட்ட கடவுளைப் பத்திப் பேசுற பேச்சும் ஒண்ணு கிடையாது.

'கிலியட்' முழுக்க ஒரு கடிதம். 1956, பாதிரியாருக்கு 76 வயசு, இதயக் கோளாறு, பையனுக்கு ஏழு வயசுகூட ஆகல, அவன் வளர்ந்தப்புறம் படிக்கட்டும்னு எழுதுறார். சாகப்போற அப்பா மகனுக்கு எழுதுறதால அவர் தன்னோட கோபத்தையும் பொறாமையையும்கூட மறைக்க முடியாம எழுதுறார், பிரசங்க மேடையில அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். யா ஜெயாசியோட 'டிரான்செண்டென்ட் கிங்டம்' (2020) நாவல்ல கிஃப்டினு ஒரு பொண்ணு, கானாவுல இருந்து அமெரிக்கா வந்த குடும்பம், அண்ணன் போதையால செத்துட்டான், இவ இப்ப மூளை விஞ்ஞானத்துல ஆராய்ச்சி பண்றா, எலிகளை வச்சு போதைக்கு அடிமையாகுறது எப்படி வேலை செய்யுதுனு பார்க்கிறா. சின்ன வயசுல அவ எழுதின டைரி முழுக்க கடவுளுக்கு எழுதினது. இப்ப பெரியவளா அதையே எடுத்துப் படிக்கிறா. அப்போ கேட்ட ஆள் கடவுள், இப்போ கேட்கிற ஆள் நாம. அந்த மாற்றத்தைக் கவனிச்சா அவ எதை இழந்தா, எதை இன்னும் விடாம வச்சிருக்கானு விளக்கம் இல்லாமலே புரியும்.

ஷுசாகு எண்டோவோட 'சைலன்ஸ்' (1966) இன்னும் ஒரு படி மேல. 17ஆம் நூற்றாண்டு ஜப்பான், கிறிஸ்தவம் தடை, ரகசியமா உள்ள நுழையுற போர்த்துகீசிய பாதிரியார் ரொட்ரிகஸ். ஆரம்ப அத்தியாயங்கள் அவர் எழுதுற கடிதங்கள், நான் நான்னு அவர் குரல்லயே போகுது. நடுவுல கடிதம் நின்னு அவர்னு படர்க்கைக்கு மாறுது. கடைசியில ஒரு டச்சு வியாபார குமாஸ்தாவோட டைரி, ஒரு அதிகாரியோட பதிவேடுனு வெறும் ஆபீஸ் காகிதமா ஆயிருது. அவர் மனசுக்குள்ள கூடவே இருந்த நாம மெல்ல மெல்ல வெளிய தள்ளப்படுறோம். கடைசில அவர் என்ன நம்பினார்னு நமக்குத் தெரியணும்னா அந்தக் காகிதத்துல இருக்கிற ஒண்ணு ரெண்டு சின்னக் குறிப்பை வச்சுத்தான் யோசிக்கணும். நிறைய பேர் அந்தப் பகுதியைப் பின்னிணைப்புனு நினைச்சு விட்டுடறாங்க, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, நாவலோட உயிரே அங்கதான் இருக்கு.

நம்பிக்கைக்கு விலை குடுக்க வேண்டிய இடத்தைத் தேடுங்க

எல்லா நல்ல ஆன்மிக நாவல்லயும் ஒரு இடம் இருக்கும், அதுவரைக்கும் சும்மா சொல்லிக்கிட்டிருந்த நம்பிக்கைக்கு இப்ப ஏதாவது ஒண்ணைக் குடுத்தாகணும். சொத்தோ, பேரோ, உறவோ, உயிரோ, சில சமயம் அந்த நம்பிக்கையவே. அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைங்க. முடிஞ்சா ரெண்டு தடவை படிங்க.

'சைலன்ஸ்'ல அந்த இடம் ஒரு ராத்திரி. ரொட்ரிகஸ் இருட்டு அறையில அடைபட்டுக் கிடக்கிறார், விடிஞ்சா சித்திரவதை, தானும் ஒரு புனிதராச் சாகப்போறோம்ங்கிற ஒரு எண்ணமும் உள்ள ஓடுது. வெளிய குறட்டை மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. காவல்காரன் குடிச்சுட்டுத் தூங்குறான், தன்னோட கடைசி ராத்திரி இப்படி ஒரு அற்பமான சத்தத்தோட முடியணுமானு அவருக்கு எரிச்சல். அப்புறம்தான் தெரியவருது அது குறட்டை இல்ல, குழிக்குள்ள தலைகீழாத் தொங்கவிட்ட விவசாயிங்களோட முனகல். அவங்க ஏற்கெனவே மதத்தை விட்டுட்டோம்னு சொல்லிட்டாங்க. ஆனாலும் இறக்கிவிட மாட்டாங்க, பாதிரியார் கிறிஸ்து உருவம் பதிச்ச ஒரு பலகையை மிதிச்சாத்தான் இறக்குவாங்க.

இப்ப யோசிங்க. தன் உயிரைக் குடுக்க அவர் தயாராத்தான் வந்தார், அவங்க கேட்கிறது வேற ஒண்ணு. தன்னோட நம்பிக்கையைக் காப்பாத்தினா மத்தவங்க சாவாங்க, மத்தவங்களைக் காப்பாத்தினா தன்னை இவ்வளவு நாள் தாங்கின ஒரே விஷயத்தை மிதிக்கணும். இந்த நிலைமையில எது பக்தி எது துரோகம்? எண்டோ சின்ன வயசுலயே ஞானஸ்நானம் வாங்கின கத்தோலிக்கர், அவரே இந்தக் கேள்வியை இவ்வளவு கூர்மையாக் கேட்கிறார். ரொட்ரிகஸ் மிதிச்சாரா இல்லையானு நான் சொல்லல. அந்தப் பக்கத்துக்கு வரும்போது புத்தகத்தை மூடி வச்சுட்டு நீங்க என்ன பண்ணியிருப்பீங்கனு ஒரு வரி எழுதிட்டு மேல படிங்க. அப்புறம் அந்த வரியை அடிச்சுத் திருத்தத் தோணும், திருத்துங்க, ஆனா பழசும் தெரியற மாதிரி வச்சுக்கோங்க.

'சம்ஸ்காரா'வுல விலை வேற மாதிரி வருது. கொள்ளி வைக்கிற செலவுக்குனு சந்திரி தன்னோட நகையையெல்லாம் கழட்டி வைக்கிறா. அதுவரைக்கும் நான் மாட்டேன் நீ மாட்டேன்னு ஒதுங்கின அத்தனை பேருக்கும் அப்போ அந்தத் தங்கத்து மேல கண்ணு விழுது. ஆசாரம் பேசின வாய் அதே ஆசாரத்தைக் கொஞ்சம் வளைக்க முடியுமானு யோசிக்குது. ஆசிரியர் இதுக்கு ஒரு கண்டனமும் எழுதல, நகையைக் கொண்டு வந்து வைக்கிறார், மனுஷங்களைப் பார்க்க விடறார். இன்னொரு பக்கம் அந்த அக்ரஹாரத்துப் பண்டிதர் பிராணேசாச்சாரியார் மட்டும் உண்மையிலேயே வழி தேடறார், ஓலைச்சுவடியெல்லாம் புரட்டறார், பதில் கிடைக்காம மாருதி கோயில்ல போய் வலது பக்கப் பூ விழட்டும்னு காத்திருக்கிறார். பூ விழல. தலைசிறந்த பண்டிதருக்கு சாஸ்திரமும் பதில் சொல்லல சாமியும் பதில் சொல்லல, அந்த வெறுமையில இருந்துதான் மிச்ச நாவல் கிளம்புது.

ஜெபம், பூஜை, தொழுகை வர்ற பக்கங்கள்

புதுசாப் படிக்கிறவங்க இந்தப் பக்கங்களைத் தாண்டிடறாங்க, கதை நகரலனு தோணுது. நகருது, ஆனா சத்தமில்லாம. இந்த மாதிரிக் காட்சி வந்தா அங்க யாரு பார்த்துக்கிட்டிருக்காங்க, உடம்பு என்ன பண்ணுது, முடிஞ்சவுடனே அடுத்த நிமிஷம் என்ன நடக்குதுனு மட்டும் பாருங்க, போதும்.

சிமமாண்டா என்கோசி அடிச்சியோட 'பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்' (2003) நைஜீரியாவுல நடக்குது. அப்பா யூஜின் கடுமையான கத்தோலிக்கர், ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்கிறவர், சர்வாதிகாரத்தை எதிர்க்கிற பத்திரிகை நடத்துறவர், வீட்டுக்குள்ள மனைவியையும் பிள்ளைங்களையும் பாவத்தோட பேர்ல அடிச்சு நொறுக்கறவர். தன்னோட அப்பாவையே, முன்னோர்களோட பழைய மதத்துலயே இருக்கார்ங்கிறதுக்காக, வீட்டுல சேர்க்க மாட்டார். மகள் கம்பிலிக்கு அந்தத் தாத்தா ஒரு அஞ்ஞானினு சொல்லி வளர்த்திருக்காங்க. ஒரு காலையில அத்தை அவளை எழுப்பி, தாத்தா கும்பிடுறதைப் பாருனு சொல்றா. கிழவர் ஒரு தாழ்வான மர முக்காலியில உட்கார்ந்து தன்னோட சாமிகிட்ட பேசுறார், தான் யாருக்கும் கெடுதல் பண்ணலனு சொல்றார், குடும்பத்துல ஒவ்வொருத்தருக்கும் கேட்கிறார், தன்னை ஒதுக்கி வச்ச அந்த மகனுக்கும் அதே அக்கறையோட கேட்கிறார். கம்பிலிக்கு அது ஆச்சரியமா இருக்கு. கும்பிட்டு முடிச்சு எழுந்திரிக்கும்போது அந்த முகத்துல ஒரு சிரிப்பு.

வீட்டுல அப்பா நடத்துற நீண்ட ஜெபங்களை இதுக்கு முன்னாடியே நாம படிச்சிருப்போம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அங்க பிள்ளைங்க எப்படி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க, இங்க கிழவரோட தோள் எப்படித் தளர்வா இருக்கு. எந்த மதம் ஒசத்திங்கிற விவாதத்துக்கே இந்த நாவல் போகல, ஏன்னா அதே கத்தோலிக்க மதத்துலயே அத்தையும் இருக்கா, அவ வீட்டுல ஜெபத்துக்கு நடுவுலகூட பாட்டும் சிரிப்பும் இருக்கு.

கெட்ட பக்தன் வந்தா அவசரப்படாதீங்க

யூஜின் மாதிரி ஒருத்தர் வந்ததும் ஆசிரியர் மதத்துக்கு எதிரானவர்னு பக்தி உள்ளவங்க முடிவு பண்ணிடறாங்க, மதமே இப்படித்தான்னு மத்தவங்க முடிவு பண்ணிடறாங்க. ரெண்டு முடிவும் நாவலை அங்கயே நிறுத்திரும். கொஞ்சம் பொறுங்க. ஜெயமோகனோட 'ஏழாம் உலகம்' (2003) ஊனமுற்ற பிச்சைக்காரங்களை உருப்படினு பேர் வச்சு வாங்கி விக்கிற போத்திவேலுப் பண்டாரத்தோட கதை. இந்த ஆள் பாசமான அப்பா, முருக பக்தர். அந்த பக்தி வேஷம்னு ஆசிரியர் ஒரு இடத்துலயாவது காட்டியிருந்தா நமக்கு நிம்மதியா இருந்திருக்கும், ஆனா காட்டல. நிஜமாவே உருகிக் கும்பிடுறான், நிஜமாவே மனுஷங்களை விக்கிறான், ரெண்டும் ஒரே மனசுக்குள்ள எப்படி இருக்குங்கிறதுதான் நம்மளத் தூங்க விடாது. அந்த உருப்படிகள் தங்களுக்குள்ள பேசிக்கிற பேச்சுல இருக்கிற பரிவையும் கிண்டலையும் விட்டுடாதீங்க, அந்த நாவல்ல அருள்னு ஒண்ணு எனக்குத் தெரிஞ்சது அங்கதான்.

அற்புதம் நடந்ததா இல்லையா

இதைச் சுருக்கமாவே சொல்லிடறேன். இந்தக் காலத்து நாவல்ல அற்புதம் வந்தா பெரும்பாலும் ரெண்டு கதவு திறந்து இருக்கும், ஒண்ணுல தெய்வம், இன்னொண்ணுல தற்செயலோ மனசோட வேலையோ. யான் மார்ட்டெல்லோட 'லைஃப் ஆஃப் பை' (2001, அடுத்த வருஷம் புக்கர் பரிசு) இதை வெளிப்படையாவே பண்ணுது, 227 நாள் கடல்ல கிடந்த பையன் நடந்ததை ரெண்டு விதமாச் சொல்லிட்டு எந்தக் கதை உங்களுக்குப் பிடிச்சிருக்குனு கேட்கிறான். எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் சுலபமாத் தோணுது, பிடிச்ச கதைங்கிறதும் நம்புறதும் ஒண்ணு இல்ல. ஆனா ஆரம்பிக்கிறவங்களுக்கு ரெண்டு கதவும் எங்க இருக்குனு கண்ணுக்குப் பழக இந்த நாவல் நல்லது. ஒரு கதவை உடனே மூடிடாம கடைசிப் பக்கம் வரைக்கும் ரெண்டையும் திறந்து வச்சுப் படிங்க.

தெரியாத மதத்து விஷயங்கள் வந்தா

எல்லாத்தையும் தேடிப் படிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு இல்ல. அந்த ஆளுங்க எந்தப் பிரிவு, அவங்களுக்கு எது தடை, அந்தப் பிரிவுல பூசாரி பாதிரியார் இமாம் மாதிரி ஆளுங்களுக்கு என்ன அதிகாரம், இதைத் தெரிஞ்சுக்கிட்டா போதும். மத்தது நாவலே சொல்லிக்குடுக்கும். சொல்லிக்குடுக்காத ஒரு சொல் மூணாவது தடவையும் வந்தா அப்போ தேடுங்க.

ஒரே காட்சியை ரெண்டு நாவல்ல படிக்கிறது

இந்தப் பயிற்சியை நான் எல்லாருக்கும் சொல்றேன், ஏன்னா இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் ஒரே இடத்துல வந்து கூடுறது இதுலதான். 'கிலியட்' நாவல்ல பாதிரியார் ஏம்ஸோட நண்பர் மகன் ஜாக், சின்ன வயசுல இருந்தே தப்பு பண்ணி எல்லாரையும் காயப்படுத்தினவன், பல வருஷம் கழிச்சு ஊருக்கு வர்றான். ஒரு நாள் திண்ணையில எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறான், சில பேர் மீட்பே இல்லாம அழியணும்னு முன்னாடியே விதிக்கப்பட்டவங்களா? ஏம்ஸுக்கு அது தன்னை மடக்குறதுக்காகக் கேட்ட கேள்வியாப் படுது, அதனால சுத்தி வளைச்சுப் பதில் சொல்றார். அவனோட அப்பாவும் பாதிரியார்தான், அவராலயும் உருப்படியா ஒண்ணும் சொல்ல முடியல. கடைசில அதிகம் படிக்காத, சின்ன வயசுல நாடோடியாத் திரிஞ்ச ஏம்ஸோட மனைவி லைலாதான் மனுஷன் மாறலாம், எல்லாமே மாறலாம்னு சின்னதா ஒரு பதில் சொல்றா. அவன் நன்றி சொல்றான், தனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்ங்கிறான்.

நாலு வருஷம் கழிச்சு ராபின்சனே எழுதின 'ஹோம்' (2008) நாவல் அதே நாட்களை ஜாக்கோட வீட்டுக்குள்ள இருந்து, அவன் தங்கச்சி குளோரி பக்கத்துல நின்னு சொல்லுது. அதே திண்ணை, அதே கேள்வி. ஆனா இப்ப நமக்கு அவனோட ராத்திரிகள் தெரியும், குடி தெரியும், அப்பாவுக்கு முன்னாடி எப்படி ஒவ்வொரு வார்த்தையும் எடை போட்டுப் பேசுறான்னு தெரியும், அதனால அவன் கேட்கிறது விவாதமே இல்ல, தன்னோட உயிரைப் பத்தினு தெரியுது. ரெண்டு பாதிரியாருங்க முன்னாடி ஒருத்தன் எனக்கு வழி இருக்கானு கேட்கிறான், அவங்க இறையியல் பேசுறாங்க. முதல் நாவல்ல ஏம்ஸ் பக்கமே நின்னு படிச்ச நமக்கு இதைப் படிக்கும்போது வலிக்கும். ரெண்டு புத்தகத்துலயும் அந்தக் காட்சியை மட்டும் எடுத்து ஒரே நாள்ல படிச்சுப் பாருங்க, ஒவ்வொருத்தர் பேசுறதும் எங்க கூடியிருக்கு எங்க குறைஞ்சிருக்குனு குறிச்சுக்கோங்க.

மத்தவங்களோட பேசும்போது

சேர்ந்து படிக்கிறதா இருந்தா குழுவுல நம்புறவங்களும் நம்பாதவங்களும் ரெண்டு பேரும் இருக்கணும். பேச்சை நீங்க கடவுளை நம்புறீங்களாங்கிற இடத்துல ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல புத்தகம் காணாமப் போயிரும், அதனால ஒவ்வொருத்தரும் தன்னைத் தொந்தரவு பண்ணின ஒரு பக்கத்தைச் சத்தமா வாசிச்சு ஆரம்பிங்க. எதிரெதிர் ஆளுங்க ஒரே பக்கத்தை எடுத்துட்டு வர்றது அடிக்கடி நடக்கும், அங்க நிறுத்திப் பேசுங்க.

இதுக்கப்புறம் எதைப் படிக்கலாம்னா, நம்பிக்கை இல்லாத மனசோட ஆன்மிகத் தேடல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க சார்லட் வுட்டோட 'ஸ்டோன் யார்ட் டிவோஷனல்' (2023, அடுத்த வருஷம் புக்கர் இறுதிப் பட்டியல்) எடுங்க, நாத்திகப் பொண்ணு ஒருத்தி ஆஸ்திரேலியாவுல ஒரு கன்னியர் மடத்துல போய்த் தங்குறா, அவ மதம் மாறுவாளானு காத்திருக்காம அவ தினமும் செய்ற வேலைகளைப் பின்தொடருங்க. தமிழ்ல பெருசாப் படிக்கத் தயார்னா ஜெயமோகனோட 'விஷ்ணுபுரம்' (1997). மூணு பகுதி இருக்கு, ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி. நடுப்பகுதி முழுக்க தத்துவ விவாதம், பௌத்தமும் வைதிகமும் மத்த தரப்புகளும் நேருக்கு நேர் மோதுது, நிறைய பேர் அங்கதான் நின்னுடறாங்க. அந்தப் பகுதிக்கு வந்ததும் ஒரு நாளைக்கு ஒரு விவாதம்னு வச்சுக்கிட்டு, யார் எந்தத் தரப்புனு ஓரத்துல எழுதிக்கிட்டே போங்க, அப்பவும் கஷ்டமா இருந்தா வாய்விட்டுப் படிங்க, ரெண்டு பேர் கிடைச்சா ஆளுக்கொரு தரப்பா எடுத்துப் படிங்க.